கேட்போர் தீர்ப்பும் நடுவுநிலைமையும்: ஒரு ஃபங்க்-ராக் இசைத்தொகுப்பை முன்வைத்து

முன்னுரை

கலைப்படைப்பு ஒன்றைச் சுவைத்தவர் அதனைப் பற்றி இருவகையாகப் பேசலாம். 'இஃது எனக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒருவகை; 'இது நன்றாக அமையவில்லை' என்பது மற்றொரு வகை. முதற்கூற்று சொல்பவரின் மனநிலையைத் தெரிவிப்பதோடு அமைகிறது. அதற்குக் காரணம் கேட்பார் இல்லை. இரண்டாம் கூற்று படைப்பின்மீது வழங்கப்படும் தீர்ப்பு. பிறரும் அதற்கு உடன்பட வேண்டும் என்னும் கோரிக்கை அதனுள் அடங்கியிருக்கிறது. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் குறித்த நூலில் இன்பம் தருவது வேறு, அழகியது வேறு என இவ்வேறுபாட்டை நிறுவினார். காண்ட் இதனை அழகியல் சிக்கலாக அணுகினார். இதற்குள் ஓர் அறவியல் வினாவும் உண்டு. பொதுவில் தீர்ப்புரைக்கும் சுவைஞர் படைத்தவருக்கு ஏதேனும் கடமைப்பட்டவரா? அவ்வாறாயின் அக்கடமை எத்தன்மையது?

இவ்வினாவை வெற்றுக் கருத்துநிலையில் ஆராய்வதினும் ஓர் எடுத்துக்காட்டின் வழி ஆராய்வது தெளிவு தரும். அமெரிக்காவில் 2004 செப்டம்பரில் வெளிவந்த 'தி பிக் ஐபால் இன் தி ஸ்கை' என்னும் இசைத்தொகுப்பும் அதன்மீது கேட்போர் கொள்ளும் கருத்துகளும் இங்கு ஆய்வுப்பொருளாக அமைகின்றன.

குழுவும் தொகுப்பும்

இத்தொகுப்பை அளித்த குழுவின் பெயர் 'கர்னல் கிளேபூல்ஸ் பக்கெட் ஆஃப் பெர்னி பிரெய்ன்ஸ்' என்பதாகும். வேடிக்கையாகத் தோன்றும் இந்நெடும்பெயர் உண்மையில் நால்வர் பெயர்களின் கோவை. பிரைமஸ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான லெஸ் கிளேபூல். வெள்ளை முகமூடி அணிந்து, கோழி வறுவல் வாளியைத் தலையில் கவிழ்த்தபடி மேடையேறும் கிட்டார் கலைஞர் பக்கெட்ஹெட். பார்லிமெண்ட், ஃபங்கடெலிக் ஆகிய குழுக்களில் கீபோர்டு வாசித்துப் புகழ்பெற்ற பெர்னி வொரல். 'பிரெய்ன்' என்னும் புனைபெயர் கொண்ட டிரம்ஸ் கலைஞர் பிரையன் மாண்டியா ஆகியோரே அந்நால்வர்.

இவர்களுள் மூவர் முன்னரே அறிமுகமானவர்கள். பக்கெட்ஹெட், வொரல், மாண்டியா ஆகியோர் பிராக்சிஸ் குழுவின் 1992ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒருங்கே வாசித்திருந்தனர். மாண்டியா பிற்காலத்தில் கிளேபூலின் பிரைமஸ் குழுவிலும் சில ஆண்டுகள் இடம்பெற்றார். நால்வரும் ஒரு குழுவாக இணைந்தது 2002இல் டென்னசி மாநிலத்தின் மான்செஸ்டரில் நடைபெற்ற முதல் பொன்னாரூ இசைவிழாவில் ஆகும். அங்கு அவர்கள் ஆயத்தம் செய்த பாடல்களை இசைக்கவில்லை. மேடையிலேயே கற்பனையால் வளர்த்து வாசித்தனர். அந்நிகழ்வுக்கு ஈராண்டுகளுக்குப் பின் கிளேபூலின் சொந்த நிறுவனமாகிய பிரான் சாங் இத்தொகுப்பை வெளியிட்டது.

பெயர் தரும் வாக்குறுதி

முன்பே புகழ்பெற்ற கலைஞர்கள் கூடி அமைக்கும் குழுவை மேலை இசையுலகில் சூப்பர் குரூப் என வழங்குவர். 1966இல் தோன்றிய கிரீம் என்னும் பிரித்தானியக் குழு இதற்குத் தொடக்கக்கால எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. இத்தகைய குழுவின் இயல்பில் ஒரு முரண் உண்டு. அதன் முதற்படைப்பு வெளிவருமுன்பே கேட்போர் உள்ளத்தில் ஒரு படைப்பு உருவாகிவிடுகிறது. ஒவ்வொரு கலைஞரின் தலைசிறந்த வாசிப்பையும் நினைவிலிருந்து எடுத்து ஒன்றாகக் கூட்டிக் கேட்பவர் தாமே அதனை அமைத்துக்கொள்கிறார். வெளிவரும் உண்மையான தொகுப்பு அந்தக் கற்பனைத் தொகுப்போடு போட்டியிட வேண்டியதாகிறது. கற்பனையில் எவரும் எவருக்கும் வழிவிட வேண்டியதில்லை. உண்மையான குழுவிலோ ஒருவர் ஒலிக்க மற்றவர் அடங்க வேண்டும்.

இத்தொகுப்பின்மீது எழக்கூடிய குறைகளுள் பெரும்பாலானவை இவ்வாறு பிறப்பனவே. பக்கெட்ஹெட்டின் விரைவு வாசிப்பை நாடி வந்தவர் 'கிட்டார் போதவில்லை' என்பார். பிரைமஸை நன்கறிந்தவர் 'இது கிளேபூலின் மற்றொரு தொகுப்பே' என்பார். பழைய ஃபங்க் இசையில் தோய்ந்தவர் வொரலுக்கு இடம் குறைவு என வருந்துவார். மூன்று கருத்துகளும் ஒரே தொகுப்பைப் பற்றியன போலத் தோன்றினும், மூவரும் அளவுகோலாகக் கொண்டவை வெவ்வேறு கற்பனைத் தொகுப்புகள்.

இங்கு டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரை துணைபுரிகிறது. நல்ல திறனாய்வாளருக்குரிய தகுதிகளாக அவர் அறிவுத்தெளிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீட்டறிவு, முற்சாய்வின்மை ஆகிய ஐந்தைக் கூறினார். இவ்வைந்தும் ஒருங்கே கூடிவரும் எனக் கொள்வது எளிது. ஆயின் சூப்பர் குரூப் ஒன்றைப் பொறுத்தவரை, பயிற்சியும் ஒப்பீட்டறிவும் மிக்கவர் அக்கலைஞர்களின் நெடுநாள் அன்பரே. அவரே முற்சாய்வும் மிக்கவர். அறிவு வளரும் வழியிலேயே சாய்வும் வளர்கிறது. எனவே முற்சாய்வின்மை என்பதை அறியாமையாகக் கொள்ளலாகாது. அறிந்தவர் தம் எதிர்பார்ப்பை எதிர்பார்ப்பு என அடையாளம் கண்டு ஒதுக்கிவைக்கும் முயற்சியே அது. முயற்சியால் பெறப்படுவதாகலின் அது கூர்மையைச் சார்ந்ததாக மட்டும் நில்லாமல் ஒழுக்கத்தைச் சார்ந்ததாகவும் ஆகிறது. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்து அதனை அறத்துப்பாலில் வைத்தமை இங்கு எண்ணத்தக்கது.

எதிர்பார்ப்பு முழுவதும் கேட்பவரின் குற்றம் என்றும் கூறவியலாது. நால்வர் பெயரையும் குழுப்பெயராக்கி விற்றவர்கள் கலைஞர்களே. தொகுப்பின் முதற்பாடலுக்கே 'பக்கெட்ஹெட்' எனத் தலைப்பிட்டிருக்க, அவர் கிட்டாரைத் தேடிக் காது கொடுப்பவரை எவ்வாறு குறைகூறுவது? பெயர் ஒருவகை வாக்குறுதி. வாக்குறுதி நிறைவேறியதா எனக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஆயின் வாக்குறுதி பொய்த்தது என்பது ஒரு குறை; படைப்பு பழுதுற்றது என்பது வேறொரு குறை. முன்னதற்குரிய சான்றைக் காட்டிப் பின்னதை நிறுவ முயல்வதே நடுவுநிலை பிறழும் இடமாகும்.

மேடையும் பதிவும்

மேடையில் கற்பனையாக வளர்த்த இசையைக் கேட்டவர்களுக்குப் பதிவில் வேறொரு சிக்கல் எழுகிறது. மேடை வாசிப்பில் அடுத்த நொடி எதுவென வாசிப்பவரும் அறியார், கேட்பவரும் அறியார். இருசாராரும் பங்குகொள்ளும் அந்நிச்சயமின்மையே அதன் சுவை. பதிவுசெய்த பாடலோ திரும்பத் திரும்பக் கேட்பதற்குரியது. பத்தாம் முறை கேட்கும்போதும் அது நிற்க வேண்டும். மேடையில் இருபது நிமிடம் சுவைத்த வளர்ச்சி பதிவில் சலிப்பாகலாம். பதிவில் செறிவாக அமைவது மேடையை நினைப்பவருக்கு ஒடுக்கமாகத் தோன்றலாம். கச்சேரியில் நெடிது வளர்ந்த இராக ஆலாபனையைக் கேட்டு மகிழ்ந்தவர், இசைத்தட்டுக் காலத்து மூன்று நிமிடப் பதிவில் அவ்விரிவைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். அப்பதிவில் பாடியவர் அடக்கிக்காட்டிய திறத்தை அவர் கேளாமலே விட்டிருப்பார். ஒவ்வோர் இசைவடிவமும் தனக்குரிய கேட்கும் முறையை உடன்கொண்டு வருகிறது. அம்முறையைக் கண்டறியும்வரை காத்திருத்தல் தீர்ப்புரைப்போர் கடமைகளுள் ஒன்று.

நகையும் பொருளும்

இத்தொகுப்பின்மீது கூறத்தக்க மற்றொரு கருத்து 'இது வெறும் வேடிக்கை' என்பது. குழுவின் பெயர், வாளித்தலையர், கிளேபூலின் கோமாளித்தனமான குரல் ஆகிய அனைத்தும் அதற்கு இடந்தருகின்றன. வேடிக்கையானது தாழ்ந்தது என்னும் எண்ணம் இக்கருத்தின் அடியில் மறைந்துள்ளது. தமிழ் இலக்கண மரபு அவ்வாறு கொள்ளவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியம் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களையும் பகுத்துக் காட்டுகிறது. நகையும் ஆராய்தற்குரிய பொருளே என்பது இதனால் பெறப்படும்.

ஃபங்க் இசையின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1960களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிரௌன் தாளச் சுற்றின் முதல் அடிக்கு அழுத்தம் தந்து வளர்த்த இவ்விசையை, 1970களில் ஜார்ஜ் கிளிண்டன் தலைமையிலான பார்லிமெண்ட், ஃபங்கடெலிக் குழுக்கள் விந்தையான உடைகளோடும் விண்வெளிக் கதைகளோடும் மேடையேற்றின. 'மதர்ஷிப்' எனப் பெயரிட்ட பெரிய விண்கலம் மேடையில் இறங்கும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பார்ப்பதற்கு இது களியாட்டமே. ஆயினும், தம் நாட்டிலேயே ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் தம்மை விண்வெளியின் உரிமையாளர்களாகக் கற்பித்துக்கொண்ட துணிவு அதனுள் இருந்தது. பிற்காலத்தில் உருவாக்கப்பட்ட மதர்ஷிப் ஒன்று வாசிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. அன்று வேடிக்கை எனத் தள்ளத்தக்கதாய் இருந்தது இன்று வரலாற்றுச் சான்றாகியுள்ளது. இதனால் எல்லா வேடிக்கையும் ஆழமுடையது என்பது முடிபாகாது. கிளேபூலின் நகை அவ்வாழத்தை எட்டியதா என்பது கேட்டே துணியவேண்டியது. கேளாமல் துணிதலே பிழை.

கவனம் என்னும் பங்கீடு

நடுவுநிலை தவறுவதால் எவருக்கு என்ன இழப்பு என்னும் வினாவுக்குப் பெர்னி வொரலின் வாழ்வு விடை தருகிறது. 1944இல் நியூ ஜெர்சியில் பிறந்து, இளமையிலேயே பியானோவில் தேர்ந்து, பாஸ்டனிலுள்ள நியூ இங்கிலாந்து இசைக்கல்லூரியில் பயின்றவர் அவர். பார்லிமெண்டின் 'ஃபிளாஷ் லைட்' 1978இல் பெரும்புகழ் பெற்றபோது, அதன் அடித்தளமாகிய கீழ்ச்சுரத் தொடரைப் பலரும் பேஸ் கிட்டார் என்றே எண்ணியிருக்கலாம். அது வொரல் சிந்தசைசரில் வாசித்தது. பின்வந்த நடன இசையும் ஹிப்-ஹாப்பும் அவ்வொலி முறையைப் பெரிதும் ஏற்றுக்கொண்டன. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் இசைநிகழ்ச்சியைக் காட்டும் 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் அவர் வாசிக்கக் காணலாம். அவர் ஒலியைக் கேட்டோர் பலர். அவர் பெயரை அறிந்தோர் சிலர். 2016இல் அவர் புற்றுநோயுற்றபோது மருத்துவச் செலவுக்காக நியூயார்க்கில் சக கலைஞர்கள் நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சி நடத்த வேண்டியிருந்தது. அவ்வாண்டு சூன் மாதம் அவர் காலமானார்.

2004ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் பெயர் குழுவின் பெயரிலேயே இருக்கிறது. எனினும் கண் முகமூடியை நாடுகிறது. காது விரைவை நாடுகிறது. பாடலின் இடைவெளிகளை நிரப்பி, பிறரைத் தாங்கி நிற்கும் கீபோர்டின் ஒலி, அதனைத் தேடுவோர்க்கே புலப்படும். கேட்போரின் கவனம் ஒருவகைச் செல்வம். புகழ், வாய்ப்பு, வருவாய் ஆகியன அக்கவனத்தைத் தொடர்ந்தே செல்கின்றன. கருத்துரைக்கும் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே அச்செல்வத்தைப் பங்கிடுகின்றனர். தாங்கி நிற்பவரைக் கேளாது மிளிர்பவரை மட்டும் கேட்டுரைக்கும் கருத்து பங்கீட்டில் நிகழும் அநீதி. ஒருவர் கருத்தால் அது பெரிதாகத் தோன்றாது. பல்லாயிரவர் கருத்தாகத் திரளும்போது ஒரு கலைஞரின் வாழ்க்கை அதன் விளைவைச் சுமக்கிறது.

ஒரு மறுப்பு

சுவை உரிமையுடையது, விலைகொடுத்து வாங்கியவரிடம் கடமையைச் சுமத்துவது பொருந்தாது என மறுக்கலாம். இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. பிடிப்பதற்கும் பிடிக்காமைக்கும் எவரும் எவர்க்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுக்கிவைக்கவும் முழு உரிமை உண்டு. கடமை தொடங்குவது தீர்ப்புரைக்கும் இடத்தில்தான். 'நன்றாக அமையவில்லை' எனப் பிறர் செவிக்கு உரைப்பவர் சான்று கூறுபவர் ஆகிறார். சான்று கூறுவோர் தாம் கண்டதைக் கூறவேண்டும்; காண விரும்பியதைக் கூறலாகாது.

இக்கடமை பாராட்டும் கடமை அன்று. பொறுமையுடன் கேட்டபின் இத்தொகுப்பு தளர்ந்தது, பாடல்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என ஒருவர் முடிவு செய்யின் அவர் கடமை தவறியவர் அல்லர். நால்வர் பெயரையும் கண்ட அளவிலேயே தலைசிறந்த படைப்பு எனப் போற்றுபவரே தவறியவர். இகழ்ச்சியைப் போலவே புகழ்ச்சியும் கேளாமல் பிறக்கலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். விருப்பம் கட்டற்றது, தீர்ப்பு பொறுப்புடையது. எதிர்பார்ப்பு இயல்பானது, சிலபோது கலைஞரே வளர்த்தது. எனினும் அதன் முறிவு படைப்பின் பழுதுக்குச் சான்றாகாது. மேடை, பதிவு, நகை ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய அளவுகோலை வேண்டுகிறது. கவனம் பங்கிடப்படும் பொருளாகலின் கேட்டல் அறத்தொடு தொடர்புடையது.

இம்முடிபுகள் ஓர் அமெரிக்க இசைத்தொகுப்பினின்று பெறப்பட்டவையாயினும், நூல் மதிப்புரையும் ஆய்வேட்டு மதிப்பீடும் வழங்கும் எவர்க்கும் பொருந்துவன. மதிப்பிடுவோர், தாம் எழுதியிருக்கக்கூடிய நூலை நெஞ்சிற் கொண்டு கையிலுள்ள நூலைக் குறைகூறும் வழக்கம் புலமையுலகிலும் உண்டு. கையிலிருப்பதை அதன் இயல்பில் ஒருமுறையேனும் முழுதும் கேட்டல், அதன்பின் அஞ்சாது உரைத்தல் என்னும் இரண்டனுள் முன்னது இன்றிப் பின்னது சிறப்பதில்லை.