வழுவும் வழுவமைதியும்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் சொற்கள் புதியனவல்ல. பசுவொன்றை அன்பின் மிகுதியால் உயர்திணையாக்கிக் கூறுதல் திணைவழுவேயாயினும், கூறுவோனின் உவகை கருதி இலக்கணகாரர் அதனை அமைத்துக்கொண்டனர். பழஞ்சொற்கள் வழக்கொழிவதையும் புதியன வந்து சேர்வதையும் நன்னூலார் குற்றமெனக் கொள்ளவில்லை. மனிதர் மனிதர்க்காகச் செய்துகொண்ட இலக்கணம் ஆதலின், அஃது இவ்வாறு நெகிழ்ந்து கொடுக்கின்றது. இயந்திரத்துக்கு எழுதப்படும் மொழியின் இலக்கணம் மாறும்போது என்ன நிகழ்கின்றது? ஒருவர் எழுதிவைத்துச் சென்ற கட்டளையின் சொற்கள் செல்லாதனவாகிவிட, அவற்றைத் திருத்தி எழுத அமர்பவன் எதற்குக் கடமைப்பட்டவன்? எழுதியவரின் சொல்லுக்கா, அவர் கருத்துக்கா, அன்றி அக்கட்டளையை நம்பி வாழ்வோர்க்கா?

இவ்வினா எனக்கு நூலொன்றிலிருந்து எழுந்ததன்று. 2014ஆம் ஆண்டில், தெமட்டகொடையிலே பேஸ்லைன் வீதியை அண்டிய பண்டகசாலை ஒன்றின் சம்பளக் கணக்குகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் பணியில் உதவ நேர்ந்தது. நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. புகையிரதப் பகுதியின் எஞ்சின் கொட்டகையிலிருந்து எழும் ஓசை பகல் முழுதும் கேட்கும் அறை அது. கணக்குகள் எஸ்.கியூ.எல். சேர்வரின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தன. அப்பதிப்புக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2013 ஏப்பிரலில் முடிந்திருந்தது. புதிதாக வாங்கப்பட்டது 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. பழையதை நேரே அதனுள் ஏற்ற இயலாது. இடைப்பட்ட பதிப்பொன்றில் ஏற்றி, அங்கிருந்தே கொண்டுசெல்லல் வேண்டும்.

தரவுத்தளத்தினுள் தரவுகள் மட்டுமன்றிச் சேமித்த செயன்முறைகளும் உள. சம்பளப் பட்டியல் ஆக்குக, விடுமுறையைக் கழிக்குக என்றவாறான கட்டளைத் தொகுதிகளை ஒரு முறை எழுதி உள்ளே வைத்துவிட்டால், பின்னர் பெயர் சொல்லி அழைத்த அளவில் அவை இயங்கும். அவற்றை எழுதியவர் வெளிநாடு சென்று பல்லாண்டாயிருந்தது. விளக்கக் குறிப்பென ஒரு வரியேனும் அவர் விட்டுச் செல்லவில்லை.

இரண்டு அட்டவணைகளைப் பொருத்தி, இரண்டாவதில் இணை இல்லாதோரையும் விடாது பட்டியலிடுவதற்குப் பழைய மொழியில் ஒரு குறியீடு இருந்தது. உடுக்குறியையும் சமக்குறியையும் சேர்த்தெழுதுவது. 1992ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். நியமம் இதனை வெளியிணைப்பு என்னும் சொற்றொடரால் தெளிவாகக் கூறும் முறையை வகுத்தது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய குறியீட்டை வழுவெனத் தள்ளிற்று. ஆயினும் 80 என்னும் ஒத்தியைவு மட்டத்தில் வைக்கப்பட்ட தரவுத்தளங்களில் மட்டும் அதனைப் பொறுத்துக்கொண்டது. இதனை இயந்திரத்தின் வழுவமைதி எனலாம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மட்டமும் நீக்கப்பட்டது. மேலும், தரவுத்தளத்தை மாற்றும் வேளையில் செயன்முறைகள் சோதிக்கப்படுவதில்லை. எழுத்துருவில் அப்படியே கடந்து செல்கின்றன. வழு வெளிப்படுவது அழைக்கும்போதுதான். ஆண்டுக்கொரு முறை மிகையூதியம் கணிக்கும் செயன்முறை திசெம்பர் வரை உறங்கிக் கிடக்கலாம்.

வழுவென்று கூவி நிற்கும் செயன்முறையால் எவர்க்கும் பெருந்தீங்கில்லை. அன்று பணி தாமதமாகும்; அவ்வளவே. தீங்கு பிறிதோரிடத்தில் இருந்தது. பண்டிகை முற்பணம் பெற்றோரின் மாதக் கழிவைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டும் செயன்முறையை எம்முடன் பணியாற்றிய இளைஞர் சில நிமிடங்களிலே புதிய தொடரில் எழுதிவிட்டார். இணைப்பைப் புதிய முறையில் எழுதிய அவர், முற்பணம் நடைமுறையில் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையை மட்டும் பழைய இடத்திலேயே, பட்டியல் முழுமையையும் வடிக்கும் வாக்கியத்திலே, விட்டிருந்தார். பழைய குறியீட்டின் கீழ் அந்நிபந்தனை இணைப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. புதிய தொடரிலோ அது இணைப்பு முடிந்த பின்னர் வந்து, முற்பணமே பெறாதவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இயந்திரம் எவ்வித வழுவும் காட்டவில்லை. யாரிடமும் கடன்படாதவர்க்குச் சம்பளம் இல்லை என்பதே அதன் பொருள்! இதனைக் கண்டவர் கணனி அறிந்தவர் அல்லர். சம்பளப் பகுதியின் எழுதுவினைஞராகிய அம்மையார். இரவுக் காவலாளியின் பெயரைத் தேடிக் காணாது, “இவர் எங்கே?” என்று அவர் வினவினார். அப்பெயர்கள் அவருக்கு முகங்களாகத் தெரிந்திருந்தன.

நம் நாட்டிலே இத்தகைய ஓசையற்ற மாற்றத்துக்கு இன்னுமோர் இடமுண்டு. 2016ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டைகளின் இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. முன்னையது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டிருந்தது. பழையதில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அவ்விரண்டை வெட்டியெடுத்து, முன்னே 19ஐச் சேர்த்து வயதைக் கணிக்கும் செயன்முறை ஒன்றிடம் புதிய இலக்கத்தைக் கொடுத்தால், 1998இல் பிறந்த இளைஞன் 1919இல் பிறந்த முதியவனாகிவிடுவான். இலக்கத்தின் நீளத்தை அச்செயன்முறை சோதிக்காதாயின் அதற்கு வழுவொன்றும் தோன்றாது.

சொல்லுக்கே கடமைப்பட்டவன் என்னும் விடை இதனால் வீழ்கின்றது. சொல் செல்லாதாகியே விட்டது. கருத்துக்குக் கடமைப்பட்டவன் என்று கூறுவது எளிது. ஆனால் எழுதியவரின் கருத்தை நாம் அறிவது எவ்வாறு? பழைய உரையாசிரியர்களைப் போல, கிடைத்த சொல்லிலிருந்து ஊகித்தலன்றி வேறு வழியில்லை. அவ்வூகத்தின் மீதும் ஐயம் கொள்ள வைத்த நிகழ்ச்சி சில நாள்களின் பின்னர் வந்தது.

மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் செயன்முறையை வாசிக்கையில், அரைமணி நேரத்திற் குறைந்த பகுதியை அது முழு அரைமணியாக உயர்த்திக் கணித்து வந்தமை தெரிந்தது. நிறுவனத்தின் எழுதப்பட்ட விதியோ அப்பகுதியை விட்டுவிடுக என்றது. எழுதியவர் தவறினாரா, இரங்கினாரா, அன்றி யாரேனும் வாய்மொழியாகப் பணித்தனரா? செயன்முறை இதற்கு விடை கூறாது. செய்தி மேலே சென்றபோது, “எப்படியும் மாற்றி எழுதுகிறீர்கள், விதிப்படி எழுதிவிடுங்கள். கேட்டால் கணனி மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்” என்றனர்.

‘கணனி மாறிவிட்டது’ என்னும் வாக்கியத்திலே எழுவாய் ஓர் இயந்திரம். மாற்றியவர் எவரும் அதில் இல்லை. தொழிலாளியின் ஊதியத்தைக் குறைக்கும் முடிவை எடுக்க நிருவாகத்துக்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. எடுப்பின், தம் பெயரால், தொழிலாளர் எதிர்த்து வாதிடக்கூடிய வகையில் எடுத்தல் வேண்டும். இலக்கண மாற்றத்தின் மறைவிலே அதனை நிறைவேற்றிக் கொடுப்பது என் பணியன்று என்றேன். திருத்தி எழுதுபவன் பழைய பயனை அப்படியே கொண்டு சேர்த்து, கண்ட முரண்பாட்டை உரியவர்க்கு அறிவிக்கக் கடவன். அதற்கப்பால் நீதிபதியாக அமர அவனுக்கு ஆணையில்லை.

விரிவுரையாளரான நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, “அத்தவறு தொழிலாளரின் பணத்தைக் குறைத்து வந்ததாயின், அதனையும் அப்படியே கொண்டு சேர்த்திருப்பீரோ?” என்றார். நேர்மையாகக் கூறின், சேர்த்திருக்க மாட்டேன். திருத்தும் வரையில் பணியை நிறுத்தியிருப்பேன். இதிலே முரண்பாடு உளது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அறிவித்தல் இரு நிலைக்கும் ஒன்றே, காத்திருத்தல்தான் ஒன்றன்று. தவறால் சிறிது மிகுதியாகப் பெற்றவன் அதனை நம்பி வீட்டுச் செலவை அமைத்துக்கொண்டவன். நிறுவனமோ ஒரு மாதம் காத்திருப்பதால் நலிந்துவிடாது. குறைவாகப் பெற்றவனுக்கு ஒவ்வொரு மாதமும் புதிய இழப்பாகும். இவ்விடை நண்பருக்கு முற்றிலும் நிறைவளிக்கவில்லை.

ஈற்றில் அச்செயன்முறை பழைய கணிப்புடனேயே புதிய தரவுத்தளத்துக்குச் சென்றது. அதன் தலைப்பிலே, விதி கூறுவது இது, இங்குச் செய்யப்படுவது இது, முடிவு நிருவாகத்துடையது எனத் திகதியிட்டு மூன்று வரிகள் எழுதினேன். நான் அங்கிருந்து விலகும்வரை எவரும் முடிவெடுக்கவில்லை. அவ்வரிகளை எவரும் அழிக்காதிருப்பின், அடுத்த தரமுயர்த்தலுக்கு வருபவர் முதலில் அவற்றையே வாசிப்பார்.