பதவிநீக்கமும் சம உரிமையும்

உயர்பதவியில் இருப்பவரைப் பதவிக் காலம் முடியுமுன் விலக்குவதற்கு அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கும் வழி பதவிநீக்கத் தீர்மானம். இலங்கையில் இதைக் குற்றப் பிரேரணை என்பர். உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டில் இத்தீர்மானம் வரும்போது, போரால் நொந்த மக்களுக்குச் சம உரிமை கிடைக்குமா என்பதும் அதனோடு பிணைந்துவிடுகிறது. நோக்கம் பெரிது என்றால் எந்தக் குற்றச்சாட்டையும் கையில் எடுக்கலாமா என்பது அங்கே எழும் அறக்கேள்வி.

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. 1987-இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியிருந்தது. ஆயினும் வடமாகாணத்துக்கெனத் தனியாக 2012 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அமையவில்லை. அந்த ஆண்டு வந்த திவிநெகும மசோதா, மாகாணங்களுக்குரிய வளர்ச்சிப் பணிகளை மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோனது. மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சபை இல்லாத வடக்கில் ஆளுநரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்றும் தீர்மானித்தது. நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்கக் கோரி, 117 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானம் அதே நாட்களில், 2012 நவம்பர் 1 அன்று, சபாநாயகரிடம் தரப்பட்டது.

அதை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் 11 பேரில் 7 பேர் ஆளுங்கட்சியினர். நடைமுறை நியாயமாக இல்லை என்று தலைமை நீதிபதி வெளியேறினார், எதிர்க்கட்சியினரும் விலகினர். சாட்சிகளை அதன் பிறகே விசாரித்த குழு, 14 குற்றச்சாட்டுகளில் மூன்று உறுதியானதாக அறிவித்தது. அம்மூன்றும் ஒரு வீடு, வங்கிக் கணக்குகள், கணவர் மீதான வழக்கு ஆகியவை பற்றியவை. குழுவின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தும், 2013 ஜனவரி 11 அன்று 155 வாக்குகளுக்கு 49 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

தமிழ்நாட்டுக்கும் இது அயலார் வழக்கு அன்று. அந்தப் போரால் கடல் கடந்து வந்தவர்களின் மறுவாழ்வு முகாம்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் உள்ளன. ஊர் திரும்ப நினைப்பவருக்கு அங்கே தம் மக்கள் தேர்ந்தெடுத்த சபை பேசுமா, ஆளுநர் மட்டுமே பேசுவாரா என்பது வாழ்க்கைக் கேள்வி.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. உள்நாட்டுப் போருக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன், விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்களின் உரிமைகளுக்குக் குறுக்கே நின்றார். 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தார். நாடாளுமன்றம் அம்மறுப்பைக் கடந்து சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் 1868-இல் அவர்மேல் சுமத்திய 11 குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை, போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கியதைப் பற்றியவை. செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றனர், 19 பேர் இல்லை என்றனர். தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே வாக்குக் குறைந்ததால் ஜான்சன் பதவியில் நீடித்தார்.

அமெரிக்காவில் நோக்கம் நல்லது. இலங்கையில் மாகாண உரிமையைக் காத்த தீர்ப்பை அடுத்து வந்தது தீர்மானம். எனினும் இரண்டிலும் உண்மையான வழக்கு ஒன்று, ஏட்டில் எழுதிய வழக்கு வேறொன்று. எளியவரின் உரிமை பறிபோகும்போது நடைமுறை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெறும் நடைமுறை, வலியவருக்கே கேடயமாகிவிடுவதும் உண்டு. ஆனால் ஜான்சன் செய்த பெருங்கேடு கறுப்பின மக்களுக்கு எதிரானது. அதை முதற்குற்றமாக வைக்காமல் அமைச்சர் நீக்கத்தை முன்னிறுத்தியதால், அம்மக்களின் வழக்கு அம்மன்றத்தில் நேராகக் கேட்கப்படவே இல்லை. மறைத்த காரணம் நல்லதாக இருந்தாலும், அதை எடைபோடும் வாய்ப்பை மக்கள் இழக்கின்றனர்.

தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், தவறு தெரிந்ததும் உயிர்விட்டான் என்கிறது சிலப்பதிகாரம். விசாரணையின் நேர்மை அரசாட்சிக்கே உயிர் என்பது அதன் பொருள். இலங்கையில் 2015 ஜனவரி 28 அன்று முந்தைய நீக்கம் செல்லாது என்று புதிய அரசு அறிவித்தது. ஷிராணி பண்டாரநாயக்க மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வு பெற்றார். அநீதி திருத்தப்பட்டது; ஆனால் அவர் இடத்தில் இருந்தவர் நாடாளுமன்றத் தீர்மானம் இன்றியே விலக்கப்பட்டார். நல்ல முடிவுக்கும் குறுக்குவழி தேடும் பழக்கம் அடுத்த ஆட்சிக்கும் வழிகாட்டும்.

பதவிநீக்கம் அறமாவதற்கு மூன்று தேவை: உண்மையான தவறே குற்றச்சாட்டாக இருத்தல், குற்றம் சாட்டுவோரே நீதிபதி ஆகாமை, குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு. போருக்குப் பிந்தைய நாட்டில், எண்ணிக்கையில் சிறுத்த மக்களுக்குச் சட்டத்தை விட்டால் வேறு துணை இல்லை. அந்தத் துணையை அவர்கள் பெயராலும் வளைக்கக் கூடாது.