பொதுச்சொல்
1774இல் ப்ரீஸ்ட்லி ஒரு வாயுவைப் பிரித்தெடுத்து, அதை 'ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றார். லவாய்ஸியே அதற்கு வைத்த பெயர் ஆக்ஸிஜன். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். 1787இல் பாரிஸில் நால்வர் வெளியிட்ட பெயரிடுமுறை நூல் அச்சொல்லைப் பொதுவாக்கியது. ப்ரீஸ்ட்லியோ 1804இல் இறக்கும்வரை ஃப்ளோஜிஸ்டனைக் கைவிடவில்லை.

எதிராளியின் சொல்லில் பேசினால் அவன் கொள்கைக்கே தலையாட்டியதாகிவிடாதா? சங்கடம் நியாயமானதே. ஆனால் 1810இல் டேவி, கடல் உப்பிலிருந்து வரும் அமிலத்தில் ஆக்ஸிஜனே இல்லை என்று வாதித்தார். லவாய்ஸியேயின் சொல்லைக் கொண்டே லவாய்ஸியேயை மறுத்தார். பெயரின் பொருள் பொய்த்தது, பெயர் நிலைத்தது.

பொதுச்சொல் உண்மைக்குச் சாட்சியல்ல. நாம் இருவரும் ஒன்றைப் பற்றியே பேசுகிறோம் என்ற உடன்பாடு மட்டுமே. அந்த உடன்பாடில்லாமல் மறுப்புக்கும் இடமில்லை.