யார் இருந்த விரதம்?

கார்த்திகை பிறந்துவிட்டது. தெருவுக்கு நாலு பேர் கழுத்தில் துளசி மாலை. இருவேளைக் குளியல், காலில் செருப்பு இல்லை, தரையில் படுக்கை. ஒரு மண்டலமாவது தன் ஆசைகளை அடக்கிப் பார்க்கிறேன் என்று ஒரு மனிதன் முன்வருகிறான் என்றால், அவனைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

ஆனால் அவன் வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? விடியற்காலை நாலு மணிக்கே அவன் மனைவி எழுந்து, வாசல் தெளித்து, தலைக்குக் குளித்து, அடுப்பைத் துடைத்து, விரதச் சமையலுக்கென்று எடுத்து வைத்த பாத்திரத்தில் உலை வைக்கிறாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மாலை போட்ட சாமி பூஜை முடித்துச் சாப்பிட்ட பிறகுதான் அவள் வாயில் ஒரு வாய் காபி படும். ஒரு நாள் குழம்பில் உப்பு தூக்கலாகிவிடுகிறது. ‘விரதம் இருக்கிறவனுக்கு இப்படியா போடுவே?’ என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார் சாமி. சொல்லுங்கள், அந்த வீட்டில் விரதம் இருந்தது யார்?

திருக்குறளில் 27ஆவது அதிகாரம் தவம். எடுத்த எடுப்பிலேயே வள்ளுவர் இரண்டு அடையாளம் சொல்லிவிடுகிறார். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது. பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. முதலாவதை நாம் ஆசை ஆசையாகப் பிடித்துக்கொண்டோம். பட்டினி கிடக்கிறோம், அலகு குத்துகிறோம், தீ மிதிக்கிறோம். இரண்டாவதை விட்டுவிட்டோம். அதே அதிகாரத்தில் மூன்றாவது குறளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். துறவிகளுக்கு உணவும் உதவியும் கொடுக்க வேண்டுமே என்பதற்காகத்தான் இல்லறத்தார் தாங்கள் தவம் செய்வதை மறந்துவிட்டார்களோ என்று கேட்கிறார் வள்ளுவர். தவசி ஒருவன் கண்மூடி உட்கார வேண்டுமானால், இன்னொருவர் அடுப்படியில் கண்விழித்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவரை அவர் மறக்கவில்லை.

கீதையின் 17ஆவது அத்தியாயத்தில் கண்ணன் உடலால் செய்யும் தவம், வாக்கால் செய்யும் தவம், மனத்தால் செய்யும் தவம் என்று பிரிக்கிறான். கேட்பவர் மனம் பதறாமல் பேசுவதும் வாக்குத் தவம். மனத் தவத்தில் முதலில் வைப்பது மனத் தெளிவை. சிடுசிடுவென்று இருந்துகொண்டு செய்கிற உபவாசம் எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறருக்குப் பாரமாகாத தவத்தைக் கண்முன்னே வாழ்ந்து காட்டியவர் திருவண்ணாமலை ரமண மகரிஷி. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, 16 வயதுப் பையனாக அங்கே வந்து சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தார். கடைசியில் மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. உலகம் அதைக் கடுந்தவம் என்று கொண்டாடியது. அவரோ அதைத் தவம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பிடத் தோன்றவில்லை, சாப்பிடவில்லை. அதை உபவாசம் என்றார்கள். பேசத் தோன்றவில்லை, பேசவில்லை; அதை மௌனம் என்றார்கள். பிற்காலத்தில் இவ்வளவுதான் சொன்னார்.

பின்னர் விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில் கிடைத்த பிட்சையை அவரும் உடனிருந்தவர்களும் பகிர்ந்து உண்டார்கள். பல நாள் உப்பு இருக்காது. யாரிடமும் கேட்கவும் மாட்டார்கள். இன்று உப்பைக் கேட்டால் நாளை பருப்பைக் கேட்கத் தோன்றும், அப்புறம் பாயசம் வரை போகும் என்று பகவான் ரமணர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்ததை வந்தபடி ஏற்றால் எவருக்கும் பாரமில்லை.

ஆசிரமம் வளர்ந்த பிறகு அவரைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். அவரோ இருட்டு பிரிவதற்கு முன்பே சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சட்னி அரைத்தார். தோலையும் காம்பையும் எறிய விடமாட்டார். அதையும் ஏதாவது பண்டமாக்கப் பார்ப்பார். தரையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவார். என்னைக் கேட்டால், பாதாள லிங்கக் குகையைவிட இந்த அடுப்படிதான் பெரிய தவச்சாலை. குகையில் அவருக்கு உடம்பு நினைவே இல்லை. இங்கே உடம்பும் இருந்தது, கண்ணை எரிக்கிற புகையும் இருந்தது, நாலு பேரோடு அனுசரித்து நடக்க வேண்டிய வேலையும் இருந்தது.

‘அப்படியானால் உபவாசமே வேண்டாமா சுவாமி?’ என்று கேட்பீர்கள். இருங்கள், உடம்பு தாங்கினால் தாராளமாக இருங்கள். பகவான் ‘நான் யார்?’ என்ற சிறு நூலில், அளவான சாத்விக உணவைத்தான் நியமங்களிலெல்லாம் சிறந்ததாக வைத்தார். பட்டினியை அல்ல. அந்த அளவைத் தமக்கும் வைத்துக்கொண்டார். பந்தியில் எல்லாரோடும் தரையில் அமர்வார். குருவாயிற்றே என்று பரிமாறுபவர் அன்பு மிகுதியால் அவர் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்துவிட்டால் கடிந்துகொள்வார். மற்ற இலைகளுக்கு என்ன வந்ததோ அதுதான் தம் இலைக்கும் வரவேண்டும் என்பார்.