பற்றுப் புத்தகத்தோடு வரும் பிள்ளை

வள்ளுஹா சூராவைச் சற்றுச் சிந்திப்போம். யத்தீமாய், பொருளின்றி இருந்த காலத்தை நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நினைவூட்டிவிட்டே, யத்தீமையும் கேட்டு வருவோரையும் கடியவேண்டாமென இறைவன் பணிக்கின்றான்.

இளமை வறுமையின் வடு எளிதில் ஆறாது. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். தீபகற்பத்தில் 900 வெள்ளி மாதச் சம்பள விதி 2013-இல்தான் அமலாயிற்று.

லயத்துப் பிள்ளைகள் பற்றுப் புத்தகத்தோடு நம் கடைகளுக்கு வந்தார்கள். அரிசி கொடுத்தோம், மெய்தான். பலர் முன்னிலையில் பாக்கியைக் கூவிக் கேட்ட வியாபாரிகளும் உண்டு. அப்பிள்ளை இன்று கைநிறையச் சம்பாதித்தாலும் கடைவாசலில் தயங்குகிறான். விலையை இருமுறை கேட்கிறான்.

நெருக்கடிப்பட்ட கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது பகறா சூரா. இன்றும் கடன் சொல்லி வரும் பிள்ளையிடம் சாமானைக் கொடுத்தனுப்புங்கள். பாக்கியைத் தகப்பனாரிடம், கடை சாத்தும் நேரத்தில், தனியே கேட்கலாமே.