பாட்டு எழுதினவன் பெயர்



ஆம்பூரில் தோலைப் பதனிடுகிறவர் ஒருவர், வெட்டுகிறவர் ஒருவர், தைக்கிறவர் ஒருவர். அந்த ஷூவை மாட்டிக்கொண்டு கடலுக்கு அப்பால் நடக்கிறவனுக்கு இவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. பிறர் பாடுவதற்குப் பாட்டுக் கட்டுகிறவன் நிலையும் இதுவே.

வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில் 55க்குப் பாடகர் தலைவனைக் குறிக்கும் தலைப்பு உண்டு. எழுதினவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தேவாலயத்தில் பாடுகிறவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார்.

நமது தமிழகத்தில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். எம்மதத்தாரும் பாடத்தக்கதாக அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், மற்ற மதத்துப் பாடகர்கள் கச்சேரி மேடையில் அவற்றைப் பாடுகிறார்கள். தம் குரல் ஓய்ந்த பிறகும் பிறர் குரலில் அவர் சர்வேசுரனைத் துதிக்கிறார்!

பாட்டு எழுதும் பிள்ளைகளே, திருநாளன்று உங்கள் பெயரைச் சொல்லவில்லையென்று மனம் கசந்து பேனாவை மூடி வைக்காதேயுங்கள். பாடுகிறவர் மூச்சு எங்கே நிற்கும், எழுத்தறியாத பாட்டியின் நாவில் எந்தச் சொல் ஏறும் என்று பார்த்து எழுதுங்கள். அதுவும் பிறர்சிநேகமே.

பாடற்குழுவினரே, உங்களுக்கும் ஒரு கடமையுண்டு. தைத்தவன் கூலியை நிறுத்திவைப்பது பாவமல்லவா? எழுதினவன் பெயரை மறைப்பதும் அநியாயமே. பாடுமுன் அவன் பெயரை ஒருதரம் சொல்லுங்கள்.

மனிதர் மறந்தாலும் சர்வேசுரன் மறவார். ஆமென்.