விருந்தினரா, வீட்டினரா?

விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றுவது நம் மரபு. ஆயினும், விருந்தினர் என்பவர் சில நாள் தங்கி விடைபெறுபவர். அவருக்கு நாம் அளிப்பது நம் அன்பின்பாற்பட்டது. அதை அவர் உரிமையாகக் கேட்க இயலாது. ஒரு நாட்டில் குடியேறி, அங்கேயே உழைத்து மூப்படையும் மக்களையும் இவ்வாறே நோக்குதல் தகுமா?

1948ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ‘எம்பயர் வின்ட்ரஷ்’ என்னும் கப்பலில் வந்த மேற்கிந்தியத் தீவினர் பல நூற்றுவர் இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தில் இறங்கினர். பேரரசின் குடிமக்கள் என்ற முறையில் அங்கு வாழ அவர்களுக்கு உரிமை இருந்தது. போரினால் நலிந்த அந்நாட்டிற்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். 1956இல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவிலேயே ஆள் சேர்க்கத் தொடங்கியது. எனினும், உழைப்பை வரவேற்ற நாடு உழைத்தவரை வரவேற்கத் தயங்கியது. வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிற்று. 1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. 1965இலும் 1968இலும் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

காலப்போக்கில் அவர்களுடைய இசையும் நடனமும் நாட்டிங் ஹில் திருவிழாவில் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தன. பல பண்பாடுகள் தழைக்கும் நாடு என்று இங்கிலாந்து பெருமிதம் கொண்டது. ஆனால், 2018இல் வெளிப்பட்ட உண்மை யாது? சிறுவராக வந்து, பல்லாண்டு உழைத்து, வரி செலுத்தியவருள் பலர், ஆவணம் காட்ட இயலாமையால் வேலையையும் மருத்துவ உதவியையும் இழந்தனர். சிலர் நாடு கடத்தவும் பட்டனர். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய வாழ்வுரிமையைக் காத்திருந்தும், அதற்குரிய சான்றிதழை அரசு வழங்கவில்லை. அவர்களுடைய பழைய வருகைச் சீட்டுகளையும் 2010இல் அரசுத் துறையே அழித்திருந்தது. பின்னர் அரசு மன்னிப்புக் கோரியது.

தன் எல்லையைக் காக்கும் உரிமை ஒரு நாட்டிற்கு இல்லையா எனின், உண்டு. வருவோர் யாரென ஆராய்தல் குற்றமன்று. ஆனால், வாயிலில் கேட்க வேண்டிய வினாவை ஐம்பது ஆண்டு கழித்து அடுக்களையில் வந்து கேட்பது நீதியாகாது.

சகிப்புத்தன்மை நற்பண்பே. எனினும், சகிப்பவர் மனம் மாறினால் அது மறைந்துவிடும். உரிமை அவ்வாறு மறைதல் கூடாது. ஆகவே, பிற இனத்தாரின் உணவையும் உடையையும் விழாவையும் மாணவர்க்கு அறிமுகம் செய்வதோடு ஆசிரியர் பணி நிறைவுறாது. அவ்வினத்தாரும் இவ்வீட்டினரே என்னும் எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் ஊன்றுதலே நம் முதற்கடமையாகும்.